தோற்ற பாறையையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பெறுநர்: பன்னாட்டு அடுக்கியல் ஆணையத்தின் பெர்மியன், டிரயாசிக் துணை ஆணையங்களில் வாக்குரிமை உள்ள நிலவியலாளர்கள்



1993-ல் கனடாவின் கால்கரி நகரில் உங்கள் முன்னோடிகள் கூடினார்கள். பெர்மியன் காலம் முடிந்து டிரயாசிக் தொடங்கும் இடத்தை உலகத்துக்கெல்லாம் பொதுவாக எந்தப் பாறையில் குறிப்பது என்பதுதான் அன்றைய கேள்வி. நான்கு இடங்கள் பட்டியலுக்கு வந்தன. சீனாவில் மெய்ஷானும் ஷாங்சியும், திபெத்தில் செலாங், காஷ்மீரில் குரியுல் பள்ளத்தாக்கு. எட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2001 மார்ச்சில், பன்னாட்டு நிலவியல் ஒன்றியம் மெய்ஷானுக்கு முத்திரை குத்தியது. செஜியாங் மாகாணத்தின் சாங்சிங் வட்டாரத்தில் இருக்கும் அந்தப் பழைய கல்குவாரி இன்று பாதுகாக்கப்பட்ட பூங்கா. அருங்காட்சியகம், நினைவுச் சின்னம் எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்து காட்டுகிறார்கள்.

மெய்ஷான் வென்றது தவறென்று வாதாட வரவில்லை இந்த மடல். வென்ற பாறைக்குக் கிடைத்த கவனிப்பில் ஒரு பங்காவது தோற்றவற்றுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கவே வருகிறது. அடுத்த வாக்கெடுப்புக்கு முன் கேட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த அடுத்த வாக்கெடுப்பிலும் ஓர் இமயமலைப் பாறை வரிசையில் நிற்கிறது.

முதலில், நீங்கள் வரைந்த கோடு எதைக் குறிக்கிறது என்பதைப் பொது வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பலர் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். பெர்மியனின் முடிவு என்றதும் பேரழிவுதான் நினைவுக்கு வரும். கடல்வாழ் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் மறைந்தன. அதற்கு முன்பே நலிந்துபோயிருந்த டிரைலோபைட்டுகளின் கடைசிக் குடும்பங்கள் அப்போது அழிந்தன. அன்றைய பவளங்கள் அடியோடு போயின. இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எங்கும் காடாக நின்று, ஜாரியா போன்ற வயல்களின் நிலக்கரியாக மாறிய குளோசாப்டெரிஸ் மரங்களும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில் மறைந்தன. ஆகவே எல்லைக்கோடு அந்தச் சாவின் மேல் வரையப்பட்டிருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. சாவுக்குச் சற்றுப் பிறகு வந்த ஒரு வரவின் மேல் வரைந்தீர்கள்.

அந்த வரவு, ஹிண்டியோடஸ் பார்வஸ். கோனோடாண்ட் என்னும் விலாங்கு மீன் போன்ற சிறு கடல் உயிரின் ஓர் இனம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதன் பல் மட்டும்தான், மணல் துகள் அளவில். சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் வண்டலை நுண்ணோக்கியில் அலசித்தான் அதைப் பொறுக்க வேண்டும். இந்தப் பற்களை 1856-ல் பாண்டர் விவரித்தார். அவை எந்த உடம்பில் இருந்தன என்பது ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, 1983-ல், எடின்பரோவில் பழைய சேகரிப்பு ஒன்றில் கிடந்த கல்லைப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. உடம்பே தெரியாமல் பல்லை வைத்துக் காலம் கணித்த துறை உங்களுடையது. அதில் கேலிக்கு இடமில்லை. உலகக் கடல்களில் பரவலாகக் கிடைப்பது, வேகமாக உருமாறுவது என்ற இரண்டு தகுதியும் அந்தப் பல்லுக்கு இருந்தன.

அதற்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தது ஓட்டோசெராஸ் என்னும் சுருள் ஓட்டு உயிர். 1880-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கிரீஸ்பாக் இமயமலையில் கண்டு எழுதியது அது. ஏறக்குறைய நூறாண்டு காலம் டிரயாசிக்கின் தொடக்கம் என்றால் ஓட்டோசெராஸ் என்றே பாடம். ஆனால் அது இமயத்தின் தென் கடல்களிலும் ஆர்க்டிக் பக்கமும்தான் கிடைத்தது. நடுவே வெப்பக் கடல்களில் காணோம். 1980களில் சீனத்தின் யின் ஹோங்ஃபு, பல்லை முன்னிறுத்தி மாற்று யோசனை சொன்னார். மெல்ல மெல்ல எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வோடு இமயப் பாறைகளின் செல்வாக்கும் இறங்கியது.

இனி மெய்ஷானின் பலத்துக்கு வருவோம். அங்கே கதை முழுதும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது. 25-ஆம் படுகை என்று எண்ணிட்ட வெளிர்நிறக் களிமண், உண்மையில் எரிமலைச் சாம்பல். அதன் அடியில்தான் உயிர்கள் கூட்டமாக மறைகின்றன. மேலே 26-ஆம் படுகை, கறுத்த களிமண். அதற்கு மேல் 27-ஆம் சுண்ணாம்புப் படுகை. அதன் நடுவே, 27இ என்று சொல்லப்படும் இடத்தின் அடியில், பார்வஸ் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. எல்லையைக் குறிக்கும் உங்கள் தங்க ஆணி அங்கேதான். சற்று மேலே 28-ஆம் படுகை, மறுபடி சாம்பல். எல்லைக்குக் கீழும் மேலும் ஒவ்வொரு கடிகாரம் வைத்ததுபோல அமைந்த பாறை உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மெய்ஷானுக்கு வாக்களித்தவர்களின் மனத்தில் இந்தச் சாம்பல் பெரிய இடம் பிடித்திருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கடிகாரங்கள் என்ன மணி காட்டின? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1991-ல், அயனிக்கற்றையால் சிர்க்கான் படிகத்தைச் சுரண்டிப் பார்க்கும் கருவியில் கிடைத்த விடை 25 கோடியே 12 லட்சம் ஆண்டு. கூட்டவோ கழிக்கவோ 34 லட்சம். அதாவது எல்லாருக்கும் இடம் கொடுக்கும் தாராளமான விடை. 1995-ல் பெர்க்லியின் பால் ரென்னி குழு, பொட்டாசியம் ஆர்கானாக மாறும் வேகத்தை வைத்து 25 கோடி என்றது, பிழை 2 லட்சம். 1998-ல் எம்.ஐ.டி.யின் சாமுவேல் போரிங் குழு, யுரேனியம் காரீயமாவதை வைத்து 25 கோடியே 14 லட்சம் என்றது, பிழை 3 லட்சம். 2004-ல் ரோலண்ட் முண்டில் குழு 25 கோடியே 26 லட்சம் என்றது, பிழை 2 லட்சம். 2011-ல் ஷென் ஷுஜோங்கும் போரிங்கும் சேர்ந்த குழு 25 கோடியே 21 லட்சத்து 70 ஆயிரம் என்றது, பிழை 60 ஆயிரம். 2014-ல் சேத் பர்ஜஸ், போரிங், ஷென் மூவரும் வெளியிட்டது: 25 கோடியே 19 லட்சத்து 2 ஆயிரம், பிழை 24 ஆயிரம்.

இந்த வரிசையை ஒருமுறை பிழையோடு சேர்த்துப் படித்தால் சங்கடம் புரியும். 1998-ன் விடை அதிகபட்சம் 25 கோடியே 17 லட்சம் வரை போகும். 2004-ன் விடை 25 கோடியே 24 லட்சத்துக்குக் கீழே இறங்காது. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டையும் வெளியிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டிலும் பிழைக்கணக்கு ஒழுங்காகவே போட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு, கருவி எவ்வளவு நுட்பமாக அளந்தது என்பதைத்தான் சொன்னது. அளக்கப்பட்ட படிகம் நேர்மையானதா என்பதை அது சொல்லவில்லை.

சிர்க்கான் எப்படி ஏமாற்றும் என்பது உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயமல்ல. மடலை ஓரத்தில் நின்று படிக்கும் வாசகருக்காக இரண்டு வரி. எரிமலைக் குழம்பில் சிர்க்கான் உறையும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், காரீயத்தை ஏறக்குறைய முழுதும் வெளியே தள்ளும். ஆகவே உள்ளே இருக்கும் காரீயமெல்லாம் பிறகு யுரேனியம் சிதைந்து உண்டானது என்று எடுத்துக்கொண்டு வயது கணக்கிடலாம். ஆனால் கதிரியக்கத்தால் அடிபட்ட படிகம் தன் காரீயத்தைக் கசியவிடும். அப்போது வயது குறைந்து தெரியும். இன்னொரு பக்கம், அதே குழம்பு பல்லாயிரம் ஆண்டுக்கு முன் உறைந்த பழைய படிகங்களையும் அள்ளிக்கொண்டு வரும். அப்போது வயது கூடித் தெரியும். ஆரம்ப ஆய்வுகளில் பல படிகங்களை ஒன்றாகக் கரைத்தார்கள். கசிந்ததும் பழையதும் ஒரே கிண்ணத்தில் கலந்து, சராசரி மட்டும் அழகாக வந்தது.

இதற்கு வழி கண்டவர் கலிஃபோர்னியாவின் ஜேம்ஸ் மாட்டின்சன். படிகத்தை முதலில் சூளை வெப்பத்தில் ஆற்றி, பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டால் அடிபட்ட பகுதி மட்டும் முதலில் கரைந்து போகிறது. மிஞ்சும் நல்ல உடம்பை மட்டும் அளக்கலாம். 2005-ல் அவர் இதை விரிவாக வெளியிட்ட பிறகு துறையே மாறிவிட்டது. ஒற்றைப் படிகமாக அளப்பது வழக்கமானது. போரிங்கும் கூட்டாளிகளும் முன்னெடுத்த எர்த்டைம் திட்டத்தில், பல ஆய்வகங்கள் ஒரே கலவையைக் கொண்டு தங்கள் அளவை ஒத்திசைத்தன. அதுவரை ஒவ்வோர் ஆய்வகமும் தன் தராசுக்குத் தானே படிக்கல் செய்துகொண்டிருந்தது. ஆர்கான் முறையும் யுரேனியம் முறையைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு இளமையாகவே காட்டிவந்தது. ஒரு விழுக்காடு என்றால் இந்த ஆழத்தில் 25 லட்சம் ஆண்டு! மனித இனத்தின் முழு வரலாறும் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும்.

ஒரு விவரத்தை மட்டும் இங்கே அடிக்கோடிட வேண்டும். 2004-ல் முண்டில் குழு மெய்ஷானின் சிர்க்கான்கள் குழப்பம் தருவதைக் கண்டு, ஷாங்சியின் சாம்பல் படுகைகளைப் பெரிதும் நம்பித்தான் தன் விடையைச் சொன்னது. ஷாங்சி யார்? மூன்று ஆண்டுக்கு முன் உங்கள் தேர்வில் தோற்ற பாறை. அவர்களுடைய எண் பிறகு திருத்தப்பட்டது உண்மை. ஆனால் மெய்ஷானின் பழைய எண் சரியில்லை என்ற சந்தேகத்தை வலுவாக்கியது தோற்ற பாறைதான். 1998-ன் எண்ணையே கல்வெட்டாக்கி, ஷாங்சியை யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோடு வேறு, எண் வேறு. கிராமத்தில் சர்வேயர் கல் நட்டுவிட்டால் அது எல்லை. பின்னால் நவீனக் கருவியில் அளந்து பரப்பு கூடிக் குறைந்தாலும் கல் நகராது. மெய்ஷானில் நீங்கள் நட்டதும் அப்படித்தான். 27இ என்பது தீர்மானம். அதை மாற்ற வேண்டுமானால் மறுபடி 60 விழுக்காடு வாக்கு வேண்டும். 25 கோடியே 19 லட்சத்து 2 ஆயிரம் என்பதோ இன்றைய அளவு, நாளை மாறலாம். உங்களுக்கு இது பால பாடம். ஆனால் நீங்கள் வெளியிடும் வண்ண அட்டவணையில் இரண்டும் ஒட்டிக்கொண்டே அச்சாகின்றன. உடன் வரும் பிழையளவு, பாடநூலுக்குப் போகும்போது உதிர்ந்துவிடுகிறது, செய்தித்தாளுக்கு வரும்போது லட்சமும் ஆயிரமும் உதிர்ந்து 'சரியாக 25 கோடி' ஆகிவிடுகிறது.

அழிவு எவ்வளவு நேரம் நீடித்தது என்ற எண்ணைப் பாருங்கள். 2014 ஆய்வு சொன்னது 60 ஆயிரம் ஆண்டு. பிழை 48 ஆயிரம். அதாவது 12 ஆயிரமாகவும் இருக்கலாம், ஒரு லட்சத்து எட்டாயிரமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு முனைகளும் இரண்டு வேறு உலகங்கள். ஒன்றில், சைபீரியாவில் பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பொங்கிய எரிமலைக் குழம்பு கடலையும் காற்றையும் திடீரெனச் சாய்த்தது. மற்றொன்றில், ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக மெல்ல நெரித்தது. சைபீரியாவிலும் பர்ஜஸ் அளந்திருக்கிறார். எரிமலை அழிவுக்கு மூன்று லட்சம் ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. அவ்வளவு காலம் கடல் தாங்கியது. குழம்பு மேலே வழிவதை விட்டு, நிலக்கரியும் உப்பும் எண்ணெயும் நிறைந்த படிவப் பாறைகளுக்குள் பக்கவாட்டில் ஊடுருவத் தொடங்கிய கட்டமும் அழிவின் கட்டமும் ஒத்துப்போகின்றன என்று அவரும் கூட்டாளிகளும் 2017-ல் எழுதினார்கள். வெந்த நிலக்கரியிலிருந்து கிளம்பிய வாயுதான் கொன்றது என்பது அதன் சாரம். நல்ல வாதம், நம்பத் தோன்றும் வாதம். ஆனால் இது முழுதும் சைபீரியாவின் ஒரு தேதியும் மெய்ஷானின் ஒரு சாண் பாறையும் சில பத்தாயிரம் ஆண்டுக்குள் பொருந்துகின்றன என்பதன் மேல் நிற்கிறது.

அந்த ஒரு சாண் போதுமா? மெய்ஷானில் வண்டல் மிக மெதுவாகப் படிந்தது. படிகிற வேகம் குறைந்தால் பல ஆயிரம் ஆண்டு ஒரு விரல்கடையில் நெருங்கிக்கொள்ளும். எது முன், எது பின் என்று பிரிப்பது கடினம். விரிவாகப் படிந்த பாறை ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அந்த நெருக்கத்தைப் பிரித்துப் படிக்க முடியும்.

இருக்கிறது. ஸ்ரீநகருக்குத் தென்கிழக்கே, குன்மோ ஊரை ஒட்டி, குரியுல் பள்ளத்தாக்கில். மெய்ஷானில் சென்டிமீட்டராக இருப்பது அங்கே மீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கிறது. 1970களில் ஜப்பானின் நகசாவாவும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கபூரும் அடங்கிய கூட்டுக் குழு அதை அடுக்கடுக்காக விவரித்து வைத்தது. கால்கரிப் பட்டியலில் அது இடம்பெற்றதற்கு அந்த உழைப்பே அடித்தளம். ஆனால் 1993-ல் காஷ்மீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டு ஆய்வாளரும் தடையின்றி வந்துபோக முடிய வேண்டும் என்பது உங்கள் விதி. சுத்தியலோடு குன்றேறுபவர் உயிரோடு திரும்புவாரா என்ற நிலையில் குரியுல் அந்த விதியில் தேறவில்லை. வேடிக்கை என்னவென்றால், மெய்ஷான் இருக்கும் சாங்சிங் வட்டாரமும் அயல்நாட்டவருக்கு மூடியே இருந்தது. 1990களின் கடைசியில்தான் திறந்தார்கள். ஓர் அரசு தன் கதவைத் திறந்து வென்றது. இன்னொரு பள்ளத்தாக்கின் கதவு எந்த நிலவியலாளர் கையிலும் இல்லை.

தோற்ற பிறகு குரியுலைச் சுற்றியுள்ள குன்றுகளில் கல் உடைப்பு பல ஆண்டு நடந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குச் சிமெண்டுத் தொழிலில் எப்போதும் விலை உண்டு. தங்க ஆணி அடித்த பாறைக்கு அரசு வேலி போடும், ஆணி அடிக்காத பாறை குவாரிக்காரர் கண்ணில் கல் மட்டுமே. உள்ளூர்ப் பேராசிரியர்களும் செய்தியாளர்களும் எழுதி எழுதித்தான் கொஞ்சம் பாதுகாப்பு வந்தது. இந்தக் கதை காஷ்மீருக்கு மட்டும் உரியதல்ல என்பதை அரியலூர்ச் சுரங்கங்களைப் பார்த்த தமிழ்நாட்டு நிலவியல் மாணவர் யாரும் சொல்வார். அங்கும் கிரிட்டேசியஸ் கடலின் எச்சங்கள் சிமெண்டு மூட்டைகளாக ஊர் ஊராகப் போயிருக்கின்றன.

இந்தக் காலத்திலும் குரியுல் பேசிக்கொண்டுதான் இருந்தது. 2013-ல் புரூக்ஃபீல்டு குழு, எல்லையை ஒட்டிய அடுக்குகளில் நிலநடுக்கத்தால் குலைந்ததும் சுனாமியால் வாரி இறைந்ததுமான படிவுகள் இருப்பதாக எழுதியது. இல்லை, அவை சாதாரணப் புயல் படிவுகள் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. யார் சரி என்பதை இந்த மடல் முடிவு செய்யாது. ஆனால் அந்தச் சண்டையைத் தீர்க்கப் பாறை அங்கே இருக்க வேண்டுமல்லவா?

உங்கள் ஆணையத்திடம் இதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. முதன்மைப் பாறையோடு துணை எல்லைப் பாறைகளையும் முறைப்படி அறிவிக்கலாம். அலங்காரப் பட்டமாக நினைக்காமல் அதைப் பயன்படுத்துங்கள். மாநில அரசு அதிகாரியிடம் போய் நிற்கும் பேராசிரியருக்கு, 'பன்னாட்டு ஆணையம் அறிவித்தது' என்று முத்திரையிட்ட ஒரு தாள் எவ்வளவு உதவும் என்பது இந்திய அலுவலகங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இனி அடுத்த வாக்கெடுப்பு. டிரயாசிக்கின் முதல் நிலைக்கு இந்துவான் என்று பெயர், சிந்து நதியை வைத்து. இரண்டாவதற்கு ஒலெனெக்கியான், சைபீரியாவின் ஒலெனெக் ஆற்றை வைத்து. இரண்டு பெயரையும் 1956-ல் கிபாரிசோவாவும் போபோவும் சூட்டினார்கள். சிந்து நதிப் பெயர் கொண்ட நிலையின் தொடக்கம் இன்று சீனத்தில் இருக்கிறது, போகட்டும். ஒலெனெக்கியானின் தொடக்கத்துக்கோ தங்க ஆணியே இல்லாமல் ஆண்டுகள் ஓடிவிட்டன. அதன் தேதி பழைய அட்டவணைகளில் 25 கோடியே 12 லட்சம். 2020-ல் வெளியான பெரிய கால அளவை நூலில் 24 கோடியே 99 லட்சம். அழிவுக்குப் பின் கடல் முதல் மூச்சு வாங்கிய காலத்தின் நீளம், ஏழு லட்சத்திலிருந்து இருபது லட்சம் ஆண்டாகிவிட்டது. மீட்சி வேகமாக நடந்ததா, தடுமாறி நடந்ததா என்று எழுதிய எத்தனை கட்டுரைகள் அந்த ஏழு லட்சத்தை நம்பியிருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த எல்லைக்குப் போட்டியில் நிற்கும் இரண்டில் ஒன்று ஆன்ஹுய் மாகாணத்தின் சாவோஹு. மற்றது இமாச்சலப் பிரதேசத்தில், லாஹோல்-ஸ்பிதி மாவட்டத்தில், பின் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள முத் கிராமம். 2007-ல் கிரிஸ்டின், பார்கவா, ரிகோஸ் மூவரும் முத்தின் வழக்கை முழுதாக எழுதி வைத்தார்கள். பிறகு, எந்தக் கோனோடாண்ட் பல்லை எந்தப் பெயரில் அழைப்பது என்ற தகராறில் விஷயம் நின்றுபோனது. முத்துக்குக் கோடையில் காசா வழியாகச் சாலை உண்டு. பனி விழுந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். சாவோஹு பெரிய நகரத்தின் அருகே இருக்கிறது. கையெட்டும் தூரம் என்ற ஒற்றைக் காரணத்துக்காக வாக்குகள் ஒரு பக்கம் குவியும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே வாக்களியுங்கள்.

வாக்களிப்பதற்கு முன் மூன்று காரியம் செய்தால் நல்லது. இரண்டு பாறைகளிலும் எடுத்த மாதிரிகளை ஒரே கூட்டத்தில், ஒரே மேசையில், இரு தரப்பின் நிபுணர்களும் பரிமாறிப் பார்க்க வேண்டும். பல்லின் பெயர்த் தகராறு மின்னஞ்சலில் தீரவில்லை என்பது இத்தனை ஆண்டில் தெரிந்துவிட்டது. அடுத்து, வெற்றி பெறும் பாறைக்கான தீர்மானத்திலேயே தோற்கும் பாறையைத் துணை எல்லையாக அறிவிக்கும் வாசகமும் இருக்க வேண்டும். தனித் தீர்மானமாகத் தள்ளிவைத்தால் அது நடக்காது. கடைசியாக, அட்டவணையில் அந்த எல்லையின் தேதியை அச்சிடும்போது பிழையளவை அதே எழுத்து அளவில், அதே வரியில் போடுங்கள். பிழையளவு இன்னும் கணிக்கப்படவில்லை என்றால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள்.

குரியுலுக்கும் இதே கோரிக்கை பொருந்தும். அது 2001-ல் தவறிய வாய்ப்பு என்பதால் இப்போது தாமதம் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் முத்துக்கு முன்னதாக அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பத்திரிகை எழுத்தாளர்